ஒரு கொம்பு வித்தியாசம்

சின்ன வயதில் பிழையாகத்தான் வாசித்தேன்:
பெயர் செபா.
யாரோ ஒரு பெண்பிள்ளை என்று நினைத்தேன்,
உப்புவெளி ஞாயிறு பள்ளியில்
என் பக்கத்தில் இருந்து பென்சிலைக் கடிக்கும்
செபமலர் மாதிரி.
வேதப் படத்தில் கறுப்புப் புள்ளிக்கு அருகே
உண்மையில் இருந்தது பெயெர்செபா.
இரண்டாவது கொம்பை நான் விட்டிருந்தேன்.

பெயெர் என்றால் எபிரெயத்தில் கிணறு.
செபா, ஏழு. ஆணை என்றும் சொல்வார்கள்.
ஏழு பெண்ணாட்டுக் குட்டிகளைத் தனியே நிறுத்தி
இந்தத் துரவை நான்தான் வெட்டினேன் என்று
ஒருவன் சாட்சி வைத்தானாம்.
கன்னியாவிலும் ஏழுதானே, என்றேன்.
வகுப்பு சிரித்தது.
யார் வெட்டியது என்று அங்கே
இன்னும் வழக்கு நடக்கிறது.

இப்போது சம்பூரில் கிணறு இறைக்கிறோம்.
மெசின் றிஸ்கானுடையது, கிண்ணியாக்காரன்.
படிவம் என்னுடையது:
இலக்கம், விட்டம், ஆழம், உவரா நன்னீரா.
மண்போட்டு மூடிய வாய்களைத் திறந்தால்
ஓட்டுத்துண்டு, சைக்கிள் றிம்,
தையல் மெசினின் தலை,
ஒருமுறை நிலையோடு ஒரு கதவு,
பூட்டு பூட்டினபடி.

ஈசாக்கும் இப்படித்தான் வந்தான்.
தகப்பன் வெட்டிய துரவுகளைத் தூர்த்திருந்தார்கள்.
தோண்டி எடுத்து, தகப்பன் சொன்ன பெயரையே
திரும்பவும் சொன்னான்.
பிறகு தானாக வெட்டியதில் சண்டை வந்தது:
ஏசேக்கு என்றான். சண்டை.
அடுத்ததிலும் வந்தது: சித்னா. பகை.
மூன்றாவதுக்கு ஒருவரும் வரவில்லை.
ரெகொபோத், அப்பாடா, இடம் கிடைத்தது.
அழகுக்காக வைத்த பெயர்கள் இல்லை அவை.
கசந்த தண்ணீர் மாரா.
அழுது புதைத்த மரத்தடி, அழுகையின் மரம்.
நடந்ததை அப்படியே
மண்ணின் முகத்தில் சொல்லிவிட்டுப் போகிற சனம்.

‘உங்கட கிணற்றுக்குப் பெயர் இருந்ததா?’
‘கிணறுதான், வேறென்ன’ என்றார் வடிவாம்பிகை.
கொஞ்சம் நின்று, ‘கோவக்கிணறு’ என்றார்.
தமையனோடு கதைபேச்சில்லாமல்
அவர் மனுசன் பத்தடி தள்ளி வெட்டினதாம்.
இரண்டிலும் ஒரே ஊற்று.
குறிப்பு நிரலில் எழுதினேன்: கோவக்கிணறு, ஏசேக்கு.
தமையனும் இல்லை, மனுசனும் இல்லை.

‘எங்கட ஓதலில் பிஃர் என்றுதான் வரும்’
என்றான் றிஸ்கான், குழாயை உதறியபடி.
ஹாஜரா உம்மா ஓடின ஓட்டத்தைச் சொன்னான்.
எங்களிடம் அவள் ஆகார், என்றேன்.
அடிமைப்பெண். வனாந்தரத்தில் நின்று
கடவுளுக்கே பெயர் வைத்தாள்:
நீர் என்னைக் காண்கிறவர்.
அந்தத் துரவுக்கும் அதுவே பெயராயிற்று.
அவன் மெசினை நிற்பாட்டினான்.
‘உங்கட கதையிலும் தண்ணி வந்ததா?’
வந்தது.
‘அப்ப சரி’ என்று கயிற்றை இழுத்தான்.

உட்துறைமுக வீதி அலுவலகத்தில்
நான் தலைப்பில் எழுதிய இடப்பெயர் விபரத்தை
இடம்பெயர் விபரம் என்று திருத்தினார்கள்.
ஓரெழுத்துத்தான்.
இந்த மாவட்டத்தில்
எது முதலில் வரும் என்று
அவர்களுக்குப் பழக்கம்.
குறிப்பு நிரலில் கதை வேண்டாம்,
என்று ஒரு கடுதாசியும் வந்தது.

நாற்பத்தொன்றாம் கிணறு பனங்காணிக்குள்.
விட்டம் ஆறடி. ஆழம் பத்தொன்பது.
பின்னேரம் நாலு மணிக்குத் தெளிந்துவிட்டது.
றிஸ்கான் உள்ளங்கையில் ஏந்திக் குடித்து
‘நன்னீர்’ என்றான்.
உரிமையாளர் யாரென்று கேட்க
அயலில் ஒரு வீடும் திரும்பி வரவில்லை.
கொட்டியாரக் குடாவுக்கு அப்பால்
கோணமலையில் விளக்குகள் விழத் தொடங்கின.
ரெகொபோத் என்று எழுதலாம்.
இடம் இருக்கிறது, நிறைய,
ஆனால் அந்தப் பெயரை வைக்க
நான் யார்?
கடைசியில் எழுதினேன்:
பெயெர்.

பத்து நாளில் படிவம் திரும்பி வந்தது.
இரண்டாவது கொம்பைச் சிவப்பில் வெட்டி,
எழுத்துப்பிழை என்று ஓரத்தில் போட்டு,
கீழே கேட்டிருந்தார்கள்:
பெயர்?